சந்தேகக்கார அக்காவும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும்

அந்த அக்காவிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் உடனே பானெட்டைத் திறந்துவிட மாட்டார். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் காலால் நம் பக்கம் தள்ளிவிட்டு, உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் நம் முகத்தையே பார்ப்பார். பிறகு கேட்பார்.

"வண்டிய இன்னா பண்ணீங்க?"

வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்கிற மெக்கானிக்குகளைத்தான் அதுவரை எனக்குத் தெரியும். நீ என்ன செய்தாய் என்று கேட்ட முதல் ஆள் இவர்தான். எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாக சிறுசேரியில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, பின்னால் நிற்பது சிவப்பு நிற, இரண்டே சீட் ஸ்போர்ட்ஸ் கார். என்னைப் போய்க் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறாரே என்று இருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. ஆயில் ஒழுகுது. அவ்வளவுதான்."

"அல்லாரும் அத்தத்தான் சார் சொல்றாங்க" என்றார் அக்கா.

ஷெட் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் கேன் கடை, இன்னொரு பக்கம் டிபன் கடை, நடுவில் தகரக் கூரை. வருவதெல்லாம் ஷேர் ஆட்டோ, குட்டி யானை, பழைய ஸ்கூட்டர். அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் வாயில் தானாக 'அக்கா' என்றுதான் வந்தது. சுடிதார் மேல் காக்கிச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, காதில் ஒரு குட்டித் தோடு. டூல் பாக்ஸைத் திறந்தால் ஸ்பானர்களுக்கு நடுவே ஒரு முகப் பவுடர் டப்பா, சிவப்பு நெயில் பாலிஷ், ஒரு கொத்து ஹேர்பின். மெக்கானிக் ஷெட்டா, கல்யாண மண்டபத்து மேக்கப் ரூமா என்று ஆட்டோக்காரர்கள் கலாய்ப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

யார் வாய்ச் சொல்லையும் நம்புவதில்லை என்பதுதான் அவருடைய குணம், கொள்கை, தொழில் எல்லாம்.

ஒருமுறை ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கிறது, பங்க்கில் கலப்படம் செய்கிறார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா அதே கேள்வியைக் கேட்டார். அவர் ஒண்ணும் பண்ணலையாம். அக்கா டேங்க் பக்கம் போனார். மூடி தொலைந்துபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வாயில் அவருடைய பழைய துண்டைத் திணித்து வைத்திருந்தார். பாதித் துண்டு நூல்நூலாகப் பிரிந்து உள்ளே போய்விட்டது.

இன்னொருவர், என்னைப் போலவே சிறுசேரிக்காரர், ஏசி போட்டால் நாற்றம் தாங்கவில்லை என்றார். இரண்டு இடத்தில் காட்டி, ஏசியையே கழற்றி மாட்டியாயிற்று. அக்கா கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தார்.

"மாமியார் வூடு கடலோரமா சார்?"

"ஆமா, நாகப்பட்டினம். ஏன்?"

முன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கருவாட்டுப் பொட்டலம் வந்தது. மாமியார் ஆசையாகக் கொடுத்தனுப்பியது. அந்த மனிதர் காரோடு அப்படியே தரைக்குள் போய்விடலாம் என்பது போல நின்றார்.

அவருடைய வீட்டுக்காரருக்கும் சலுகை கிடையாது. அவரும் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறார். பக்கவாட்டில் ஒரு நசுங்கலோடு வந்து, நிறுத்தியிருந்த வண்டியில் யாரோ இடித்துவிட்டார்கள் என்றார். அக்கா ஸ்டூலைத் தள்ளினார். "பதினெட்டு வருஷமா கூட குடும்பம் நடத்தறேன், என்னையே கேக்கறா பாருங்க சார்" என்று என்னிடம் முறையிட்டார் அவர். "பதினெட்டு வருஷமா பாத்துகினுகிறேன், அதான் கேக்கறேன்" என்றார் அக்கா. கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அவரே கம்பத்தில் உரசியது தெரியவந்தது.

தன்னையும் அவர் நம்புவதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார். வேலை முடிந்ததும் டிபன் கடை அம்மாவைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வார். "எத்தினி செவப்பு கீது பாரு." அந்த அம்மா மாவுக் கையோடு குனிந்து பார்த்து, "பதினொண்ணு" என்பார். "பன்னெண்டு இருக்கணுமே" என்று அக்கா மறுபடி கீழே படுப்பார். முடுக்காத ஒன்று நிஜமாகவே இருக்கும்.

அப்படிப்பட்டவரிடம் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை நான் நாற்பத்துமூன்றாவது வயதில், மூன்றாம் கையாக வாங்கினேன். தேவையே இல்லாத பொருள். என் மனைவி, "இதுல மளிகை சாமான் வைக்கக்கூட இடம் இல்லையே" என்று ஒரே ஒருதடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டாள். சின்ன வயதிலிருந்து நான் ஆசைப்பட்டு அடைந்தது அது ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் அதை ஸ்டார்ட் செய்யும்போது வருகிற உறுமலுக்காகவே அலாரத்துக்கு முன்னால் எழுந்துகொள்வேன்.

வாங்கிய முதல் மழைக்காலம் முடிந்ததும் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. பெரிய சர்வீஸ் சென்டரில் மேல்மூடி கேஸ்கெட்டை மாற்றினார்கள். இரண்டு வாரம் காய்ந்திருந்தது. பிறகு முன்பக்கம் ஒழுகியது. அங்கே இருந்த சீல் வளையத்தை மாற்றினோம். அடுத்து பின்பக்கம், அப்புறம் அடிப்பக்கம். நான்கு முறை, நான்கு இடம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளப் பார்க்கிங்கில் என் இடம் மட்டும் தோசைக்கல் மாதிரி மினுமினுத்தது. அட்டை போட்டேன், மரத்தூள் போட்டேன். ஒரு காலையில் எதிர்வீட்டு டீச்சர் அதில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் யாரோடும் வாதாடவில்லை. அசோசியேஷன் தீர்மானம் போட்டது. மூன்று வாரத்துக்குள் ஒழுகல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கார் வளாகத்தை விட்டு வெளியே போக வேண்டும். எங்கள் தெருவில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. வெளியே என்றால் விற்பதுதான். நானே கையெழுத்துப் போட்டேன். டீச்சரின் கட்டைப் பார்த்த பிறகு போடாமல் இருக்க முடியவில்லை.

அந்த வாரம் நான் ஷேர் ஆட்டோவில் போய்வந்துகொண்டிருந்தேன். அதை ஓட்டியவர்தான் அக்காவின் வீட்டுக்காரர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "நம்ம பொண்டாட்டிகிட்ட ஒருவாட்டி காட்டு சார். திட்டுவா, ஆனா உட மாட்டா" என்றார்.

முதல் நாள் அக்கா என் காரில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. டீசலும் பிரஷ்ஷும் வைத்து இன்ஜினைத் தேய்த்துக் கழுவினார். காயவிட்டார். பிறகு பவுடர் டப்பாவை எடுத்து, குழந்தைக்குப் பூசுவது போல இன்ஜின் முழுக்கத் தூவினார். தண்ணீர் கேன் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது.

"குந்துங்க, ஒரு ரவுண்டு போலாம்" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். "இன்னா சார் இது, ரோட்டுமேலயே குந்திகினு போற மாதிரி கீது!" என்றவர் வண்டலூர் போய்த் திரும்பும் வரை பேசவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிக் கையால் மட்டும் சைகை காட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனதை நான் பார்த்தேன்.

திரும்பி வந்து பானெட்டைத் திறந்தோம். வெள்ளைப் பவுடரில் மூன்று இடத்தில் பழுப்புக் கோடு.

"ஒரே எடத்துல ஒழுவுனா ஓட்ட சார். எடம் மாத்தி மாத்தி ஒழுவுனா, உள்ளேருந்து எவனோ தள்றான்" என்றார். "வண்டிய இன்னா பண்ணீங்க?"

"அக்கா, சத்தியமா ஒண்ணும் பண்ணலை."

காலையில் அவர் பூ வாங்கிவந்த மெல்லிய பாலித்தீன் பை ஒன்று ஆணியில் தொங்கியது. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து, பையை அதன் மேல் கவிழ்த்துப் பிடித்தார். பை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

"மூச்சு முட்டுது சார் இதுக்கு. மூக்க யாரோ பொத்தி வெச்சுகிறாங்க."

அட்டையை விரித்து அடியில் போய்ப் படுத்தார். பிறகு, "சார், கீய வாங்க" என்று குரல் வந்தது. ஆபீஸ் சட்டையோடு நானும் ஊர்ந்து போனேன். டார்ச் வெளிச்சத்தில் இன்ஜினிலிருந்து இறங்கும் ஒரு ரப்பர் குழாய். இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறுகிற குழாய் அதுதானாம். முன்பு இருந்த ஓனர் எவரோ அதை அதன் இடத்திலிருந்து கழற்றி, தரையைப் பார்த்துத் தொங்கவிட்டிருக்கிறார். அதன் வாயில் சாம்பல் நிறப் பசை, கல்லாக இறுகிக் கிடந்தது. பிளம்பர்கள் பிசைந்து ஒட்டுவார்களே, அது. பசையின் மேல் அச்சுக் குத்தியது போல ஒரு கட்டைவிரல் ரேகை.

"வெரல குடுங்க" என்றார்.

கொடுத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது.

இங்கே நான் குடியிருக்கும் முடிச்சூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர் நின்றது. என்னுடைய முந்தைய கார் அதில் முழுகிச் செத்தது. அதற்குப் பிறகு ஐப்பசி பிறந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வேலை உண்டு. ஓட்டை என்று எதைக் கண்டாலும் அடைப்பது. பாத்ரூம் துவாரத்தில் மணல் மூட்டை, சைலன்சர் வாயில் பை கட்டி ரப்பர் பேண்ட், மீட்டர் பெட்டிக்கு டேப். இந்தக் காரை வாங்கிய முதல் ஐப்பசியில் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் படுத்து, திறந்து கிடந்த அந்தக் குழாயைப் பார்த்துப் பதறி, அழுத்தி அடைத்திருக்கிறேன். அது எனக்கு 'வண்டியை ஏதோ பண்ணியதாக'ப் படவே இல்லை. வண்டியைக் காப்பாற்றியதாகத்தான் மனதில் இருந்தது. அப்புறம் மறந்தும் போயிற்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தில். டீச்சரின் கையை முறித்தது என் கட்டைவிரல்.

அக்கா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "நல்லாத்தான் அடச்சுகிறீங்க. ஒரு சொட்டு தண்ணி உள்ள பூந்திருக்காது" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய் எனக்கு ஒரு டீ சொன்னார். அதற்காகவே அவர் மேல் எனக்கு உயிர். கண்டுபிடிக்கிற வரைக்கும் போலீஸ்காரர் மாதிரி இருப்பார், கண்டுபிடித்த பிறகு ஒரு வார்த்தை குத்திப் பேச மாட்டார். கருவாட்டுக்காரருக்கும் அப்படித்தான் டீ கிடைத்ததாம்.

குழாயைச் சுத்தம் செய்து, அது இருக்க வேண்டிய இடத்துக்கே திருப்பி மாட்டினார். பிதுங்கிப்போன சீல் ஒன்றை மாற்றினார். போல்ட்டுக்கெல்லாம் பொட்டு வைத்து, டிபன் கடை அம்மா எண்ணி, மறுபடி பவுடர் பூசி, மறுபடி வண்டலூர் போய் வந்தோம். பவுடர் அப்படியே இருந்தது.

"சரியாயிடுச்சாக்கா?"

"தெர்ல சார். ஞாயித்துக்கெயம சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கெடு. அசோசியேஷன் செயலாளர், ரிட்டயர்டு கணக்கதிகாரி, புதன்கிழமையே என் காரின் அடியில் நான்கு வெள்ளை சார்ட் பேப்பரை விரித்துவைத்திருந்தார். நான் மாற்றிவிடக் கூடாது என்று நான்கு மூலையிலும் கையெழுத்து. ஞாயிறு பதினொரு மணிக்கு எல்லோரும் பார்க்கிங்கில் கூடினோம். டீச்சர் கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றார். பேப்பர் சுத்தமாக இருந்தது. செயலாளர் தீர்மானத்தை ரத்து செய்து எழுதப் பேனாவைத் திறந்தார். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போதுதான் அக்கா சர்ச் முடிந்து, நீலப் பட்டுப்புடவையில், ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பேப்பரையும் மூலைக் கையெழுத்தையும் பார்த்துவிட்டு செயலாளரை மேலும் கீழும் பார்த்தார். "இவுருதான் ஆளு!" என்றார், மரியாதையோடு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாலு நாளா வண்டிய இன்னா பண்ணீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எடுக்கலைக்கா. பயமா இருந்தது. ஷேர் ஆட்டோல போனேன்."

கூட்டம் சலசலத்தது. செயலாளர் பேனாவை மூடினார். "அப்போ இது செல்லாது" என்றார்.

"செல்லாதுதான் சார்" என்றார் அக்கா. "நின்னுகினு இருந்தா எந்த வண்டியும் ஒழுவாது. சூடாவணும். நீங்களே கூட குந்திகினு போங்க. வெளிவட்டச் சாலைல நல்லா ஓட்டிட்டு வந்து, புது பேப்பர் போட்டு, அரை மணி நேரம் இன்ஜின ஓட உடுவோம். ஒரு சொட்டு உய்ந்தாலும் வண்டிய வித்துரட்டும்."

ஜெயித்த ஆட்டத்தைக் கலைத்துவிட்டாரே என்று அந்த நிமிஷம் அவரைக் கடித்துத் தின்னலாம் போல இருந்தது. "என்னங்க இவங்க, நம்ம பக்கமா, அவங்க பக்கமா?" என்றாள் என் மனைவி.

எழுபது வயது செயலாளர் சாரைக் கைத்தாங்கலாக உள்ளே இறக்கினோம். வெளிவட்டச் சாலையில் ஏறியதும் முதல் ஐந்து நிமிஷம் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "டெஸ்ட்டுன்னா சரியா பண்ணணும், இன்னும் கொஞ்சம் மிதிங்க" என்றார். முடி கலைந்து, கண்ணாடி சரிந்து திரும்பி வந்தவர், இறங்கின கையோடு தானே புதுப் பேப்பரை விரித்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்ஜின் ஓட ஆரம்பித்தது. அரை மணி நேரம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

"கோளாறு என்னதான் இருந்தது?" என்று கேட்டார் டீச்சர்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் டீச்சருக்கு எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், பசை, விரல் ரேகை வரை. "உங்க கை உடைஞ்சது என்னாலதான். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். டீச்சர் தன் கட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெள்ளத்துக்குப் பயந்தா அடைச்சீங்க?" என்றார் கடைசியில். "எங்க வீட்டு இன்வெர்ட்டருக்குக் காத்துப் போற ஜன்னலை நானே சிமென்ட் வச்சுப் பூசிட்டேன் சார். வருஷத்துக்கு ஒரு பேட்டரி போகுது. இப்பதான் எனக்குப் புரியுது."

முதல் மாடிக்காரர் வாஷிங் மெஷின் குழாயை அடைத்ததை ஒப்புக்கொண்டார். இன்னொருவர் செப்டிக் டேங்க் காற்றுக் குழாயை. அது யார் வேலை என்று இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த செயலாளர் அவரை முறைத்தார். பார்க்கிங் முழுக்கச் சிரிப்பு. டீச்சர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

அரை மணி ஆயிற்று. இன்ஜினை நிறுத்தினேன். செயலாளர் குனியப் போனார், அக்கா தடுத்தார். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, தானே முதல் பேப்பரை இழுத்தார். வெள்ளை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாம் வெள்ளை. கைதட்டல் கூரையில் எதிரொலித்தது. நான் என் மனைவியைக் கட்டிக்கொண்டேன். செயலாளர் தீர்மானத் தாளை நாலாகக் கிழித்தார்.

அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. பேப்பரைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். முகர்ந்தார். காருக்கு அடியில் கையை விட்டு, இன்ஜினின் வயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவி எடுத்தார். உள்ளங்கையை வெயிலில் நீட்டிப் பார்த்தார். வெறும் கை. அதை எங்கள் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்போ நம்பறேன் சார்" என்றார்.